மரத்துல ஒரு குத்தமும் இல்ல

கால் பாத்து வைங்க சார். அந்தச் சாக்குக்குள்ள இருக்கிறது தேக்குப் பலகை. நீங்க மிதிச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது, உங்க விரலுக்குத்தான் ஆகும். இப்படி ஜன்னல் ஓரமா நீட்டிக்குங்க. பஸ் இப்போதைக்கு நகராது. மேல வளைவுல மண்ணு சரிஞ்சிருக்காம், ஜேசிபி வந்து அள்ளணுமாம். டிரைவரே எறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவத்துல உக்காந்துட்டாரு, பாருங்க.

ஏற்காடு சுத்திப் பாக்க வந்தீங்களா? நல்ல நாளாப் பாத்து வந்தீங்க போங்க.

முன் சீட்டுல அந்தப் பெரியவர் சொன்னாரே, கேட்டீங்களா? 'ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தா மண்ணு எறங்கியிருக்குமா'ன்னு. வாயால கட்டுறது சுலபம். தடுப்புச் சுவர்னா என்னன்னு என்னைக் கேக்கணும் சார். நான் ஒண்ணு கட்டினேன். கல்லுல இல்ல, மரத்துல. அதுக்கு மரம் பொறுக்கவே நாலு மாசம் ஆச்சு. இந்த மலையில அப்படிப் பொறுக்கி எவனும் கட்டியிருக்க மாட்டான். இப்ப அது நிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க, அதை அப்புறம் சொல்றேன். ஆனா மரத்துல ஒரு குத்தமும் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

என் பேரு நீலமேகம். சேலத்துல முப்பத்தாறு வருஷம் மரக்கடை வெச்சிருந்தேன். நிலை, கதவு, ஜன்னல். நீலமேகம் கடை நிலைன்னா கல்யாண மண்டபக்காரனெல்லாம் வந்து காத்துக் கிடப்பான். மரத்தை விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுவேன், காதை வைப்பேன், அவ்வளவுதான். உள்ள பொக்கையா, வைரம் பாஞ்சிருக்கா, எந்தப் பக்கம் கணு இருக்கு, எல்லாம் சொல்லிடுவேன். மனுஷங்களையும் அப்படித்தான். நீங்க நல்ல மனுஷன். தட்டாமலே தெரியுது.

கடைக்கு மேலயே வீடு. காலையில ஆறு மணிக்கு ரம்பம் ஓட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓடும். மரத்தூள் சோத்துல விழும், படுக்கையில விழும். என் சம்சாரம் மங்கையர்க்கரசிக்கு அதுல இழுப்பு வந்துடுச்சு. முப்பது வருஷம் இழுத்துக்கிட்டே சமைச்சா சார், ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல. சொல்லியிருக்கலாம், ரம்பச் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காது. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேட்டா. "கடையை மூடினப்புறம் மண்ணு இருக்கிற இடமாப் போயிடலாங்க. எனக்குன்னு நாலு ரோஜாச்செடி வைக்கணும்." சரின்னேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன். நாகலூர் ரோட்டுல ஒரு வீடு வாங்கினேன், பின்னாடி தோட்டம். நாலு செடின்னு கேட்டவ நாப்பது வெச்சா. சௌசௌப் பந்தல் போட்டா. ஒரு பட்டர்ஃப்ரூட் மரம் வேற. வந்து ஒரு வருஷத்துல அவ மொகமே மாறிடுச்சு சார். பாட்டெல்லாம் பாடுவா. அவளுக்குப் பாட வரும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

ஆனா தோட்டத்து விளிம்புல ஒரு ஆள் உசரத்துக்குப் பள்ளம். கீழ ஒத்தையடிப் பாதை. அந்த வருஷம் கோடை மழையில விளிம்பு கொஞ்சம் சரிஞ்சு ரெண்டு ரோஜாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. மங்கை வந்து நின்னா. "மழைக்காலம் வர்றதுக்குள்ள ஒரு தடுப்பு போட்டுக் குடுத்துடுங்க. இல்லாட்டி ஐப்பசியோட என் தோட்டம் கீழ போயிடும்."

கொத்தனார் வந்து பாத்தாரு. கல்லு வெச்சு ஒரு வாரத்துல கட்டிடலாம்னாரு. மரக்கடை நீலமேகம் வீட்டுல கல்லுச் சுவரா? ஊரு வாயால சிரிக்குமா? மரத்துலதான் கட்டணும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அப்ப எந்த மரம்? அதான சார் கேள்வி. தேக்கு இருக்கு. ஆனா தேக்கைக் கொண்டு போய் ஈர மண்ணுல பொதைக்கிறது பாவம். வேம்பு முறுக்கிக்கும். தைலமரம் வெடிச்சுடும். சவுக்கைக் கரையான் விடாது. சில்வர் ஓக் வைங்கன்னு தெருவுல போறவனெல்லாம் சொன்னான். எஸ்டேட்ல நிழலுக்கு நிக்கிற மரம் சார் அது! நிழலுக்கு நிக்கிறவனைக் கூப்பிட்டு மண்ணைத் தாங்குன்னா தாங்குவானா? ஒவ்வொண்ணாக் கழிச்சுப் பாத்தா மிஞ்சினது கோங்குதான். கோங்கு, அது ஜாதி மரம். எங்க தொழில்ல அப்படிச் சொல்லுவோம், ஜாதி மரம், மட்ட மரம்னு. இன்னொண்ணும் இருக்கு. ஒரு சுவத்துக்கு ஒரே ஜாதிதான் போடணும். கலந்தா ஒண்ணு சுருங்கும், ஒண்ணு உப்பும், இணைப்பு விட்டுப் போயிடும்.

தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஜாதி பாக்கிற ஆளே இல்ல சார். மரத்துல மட்டும்தான் பாப்பேன்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்தச் சமயத்துலதான் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். என் மக பிருந்தா இங்க பள்ளிக்கூடத்துல டீச்சரு. அவதான் கூட்டிக்கிட்டு வந்தா. பேரு மாதேஷ், எஸ்டேட்ல மேஸ்திரி வேலை, அவங்கப்பா அங்கயே காப்பிப் பழம் பறிச்சவரு. பொண்ணு கேட்டு வந்திருக்கான். நான் அதுக்கெல்லாம் கோவப்படற ஆள் இல்ல. உக்கார வெச்சேன். காப்பி குடுக்கச் சொன்னேன். எந்த டம்ளர்ல குடுக்கிறதுன்னு மங்கை என் மொகத்தைப் பாத்தா. இருக்கிறதுல நல்ல டம்ளராக் குடுன்னேன். வேற யாரு சொல்லுவா?

காப்பியைக் குடிச்சிட்டு அந்தப் பையன் தோட்டத்தைப் பாத்தான். விளிம்புல போய் நின்னான். "சார், இதுக்கு முள்முருங்கைப் போத்து நட்டாலே போதும் சார். மிளகுக் கொடிக்கு நாங்க நடறதுதான். ரெண்டு மாசத்துல வேர் விட்டுடும். மண்ணு நகராது."

சிரிச்சிட்டேன். முள்முருங்கையை நீங்க பாத்திருப்பீங்க, பொம்மை செய்வாங்க அதுல. தட்டினா சத்தமே வராது, பஞ்சு. ஒரு கிளையை ஒடிச்சு மண்ணுல குத்தி, அதுக்குப் பேரு சுவராம். முப்பத்தாறு வருஷ மரக்கடைக்காரன்கிட்ட வந்து சொல்றான். அவனுக்கு அரை மணி நேரம் கோங்கைப் பத்தி விளக்கிச் சொன்னேன். மரியாதையாத்தான் கேட்டுக்கிட்டான். போறப்ப பிருந்தா கேட்டா. "அப்பா, எங்க விஷயம்?"

யோசிச்சுச் சொல்றேன்னேன்.

வேணாம்னு சொல்லல சார், நல்லாக் கவனிச்சுக்குங்க. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். ஒரு சுவத்துக்கு மரம் பொறுக்க நாலு மாசம் ஆகுது. மாப்பிள்ளைன்னா சும்மாவா? ஆனியில கேட்டா, யோசிக்கிறேன்னேன். ஆடியில கேட்டா, ஆடி மாசம் அதையெல்லாம் பேசக் கூடாதுன்னேன். மங்கையும் நடுவுல நடுவுல கேட்டா. தடுப்பு எப்பங்க, பொண்ணு விஷயம் எப்பங்க. ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், நல்லதாக் கிடைக்கட்டும்னு.

கோங்கு சேலத்துல கிடைக்கல. பொள்ளாச்சி போனேன், ஒரு லோடு இருந்துச்சு. ஆனா அதுல ஒரு மரம் இடி விழுந்த மரம். இடி விழுந்ததை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. திருச்சியில ஒண்ணு பாத்தேன், வைரம் பாதிதான், மீதி வெள்ளை. கடைசியில ஆவணி மாசம் செங்கோட்டைக்குப் போனேன். பதினோரு நாள். அறுவை மில்லுலயே படுத்துக்கிட்டேன். ஒவ்வொரு கட்டையாத் தட்டித் தட்டி எடுத்தேன். அடி எது நுனி எதுன்னு சாக்பீஸ்ல குறிச்சேன். அது மாதிரி ஒரு லோடு நான் வாழ்க்கையில எடுத்ததில்ல சார். லாரியில முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்து ராஜா மாதிரி ஊருக்கு வந்தேன்.

வந்து பாக்கிறேன், தோட்டத்து விளிம்புல பாதி தூரத்துக்கு வரிசையாப் பச்சைக் கம்பு. பதினாலு போத்து. நடுவுல மூங்கில் பத்தை விட்டுப் பின்னியிருக்கு. முள்முருங்கை! ஒரு கம்புல மஞ்சத்துணி, மாவிலை, மஞ்சள், குங்குமம். என்ன மங்கை இதுன்னேன்.

அவ என் கையில காப்பியைக் குடுத்துட்டுச் சொன்னா. "பந்தக்கால். பிருந்தாவுக்குப் போன வெள்ளிக்கிழமை கல்யாணம் ஆயிடுச்சு. இங்கதான், தோட்டத்துல."

காப்பி டம்ளரைக் கீழ வெச்சிட்டேன் சார். பெத்த அப்பன். ஒரே பொண்ணு. ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னேன். "மூணு தடவை போன் பண்ணேங்க. மூணு தடவையும் 'மரம் அறுக்கிறாங்க, சத்தம், அப்புறம் பேசு'ன்னு வெச்சிட்டீங்க"ன்னா. வாஸ்தவம்தான். அறுவை மில்லுல சத்தம் இருக்காதா? சொல்ல எனக்கு வெக்கமில்ல, லாரிக்குப் பின்னால போய் நின்னு அழுதேன். டிரைவர் பாத்துட்டான். மரத்தூள் கண்ணுல விழுந்துடுச்சுன்னேன்.

அழுது முடிச்சுட்டு வந்து, அந்த முள்முருங்கையைப் பிடுங்குங்கன்னு ஆளுங்ககிட்ட சொன்னேன். மங்கை குறுக்க வந்து நின்னுட்டா. "அது கல்யாண முருங்கை. பந்தலுக்கு நட்ட காலு. தழைஞ்சா பொண்ணு தழைக்கும். அதைத் தொட்டீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்." ரெண்டும் ஒரே மரம்தான் சார். நான் முள்முருங்கைம்பேன், அவ கல்யாண முருங்கைம்பா. பேர்ல என்ன இருக்கு? சரி, பொம்பளை ஆசை, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். மீதிப் பாதி விளிம்புல என் கோங்கைக் கட்டினேன்.

கட்டினதைப் பாத்திருக்கணும் நீங்க. ஆசாரியைச் சேலத்துல இருந்து வரவழைச்சேன். ஒவ்வொரு கட்டைக்கும் நாக்கு எடுத்து, பள்ளம் எடுத்து, நிலை பூட்டுற மாதிரி பூட்டினோம். நடுவுல ஒரு தலைமயிர் நுழையாது. ஆசாரி மட்டும் ஒரு தடவை மெதுவா, "அண்ணே, அடியில தண்ணி போக சந்து விடலாமா"ன்னாரு. சந்து விட்டா அது சுவராய்யா, ஆட்டுப்பட்டி படல்னு கேட்டேன். திரும்பி இழைக்க ஆரம்பிச்சாரு. கட்டி முடிச்சுப் பொட்டு வெச்சு, சூடம் காட்டி, பூசணிக்காய் ஒடைச்சேன். பக்கத்துலயே அந்தப் பதினாலு கம்பு, துளிர்னு சொல்ற அளவுக்கு ரெண்டு ரெண்டு இலை. பாக்கவே பாவமா இருந்துச்சு.

ஐப்பசி வந்துச்சு. ஒன்பது நாள் விடாத மழை. அந்தக் கம்பு வேலி இருக்கே, அதுல சல்லடை மாதிரி தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. என் சுவத்துல ஒரு சொட்டு வெளிய வரல. மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்தியா, வேலைன்னா இதுன்னேன். ஒன்பதாம் நாள் காலையில மழை கொஞ்சம் விட்டுச்சு. மங்கை குடையை எடுத்துக்கிட்டு ரோஜாவைப் பாக்கப் போனா. நான் வராந்தாவுல காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். "ஏங்க, இங்க மண்ணு புஸ்ஸுனு இருக்குதுங்க"ன்னா. பயப்படாத, கோங்குன்னேன்.

சொல்லி வாய் மூடல. சுவரு படுத்துடுச்சு. விழுந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன் சார், படுத்துச்சு. மொத்தமா, ஒரே துண்டா, மண்ணு, ரோஜா, சௌசௌப் பந்தல் எல்லாத்தையும் மடியில வெச்சுக்கிட்டு அப்படியே பாதையில போய்ப் படுத்துச்சு.

ஓடினேன். ஓடிப் போய் எட்டிப் பாத்தேன். சார், சத்தியமாச் சொல்றேன், ஒரு கட்டை ஒடையல! ஒரு இணைப்பு விடல! ஒரு ஆப்பு கழலல! ஆறடி கீழ போயும் சாக்பீஸ் குறி கூட அழியல. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துடுச்சு. 'மங்கை, ஒண்ணும் ஆகல, மரம் அப்படியே இருக்கு'ன்னு கத்தினேன்.

அப்புறம்தான் மங்கை எங்கன்னு பாத்தேன்.

அவ பக்கத்துல தொங்கிட்டிருந்தா. காலுக்குக் கீழ மண்ணு போயிடுச்சு, கைக்கு அந்தப் பந்தக்கால் சிக்கியிருக்கு. ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிருந்தா. முள்ளு மரம் சார் அது. கையெல்லாம் ரத்தம், மஞ்சத்துணியெல்லாம் ரத்தம். ரெண்டரை மாசக் கம்பு, அசையவே இல்ல. மங்கை உடம்பு லேசு, அதனால தாங்கிச்சு. வேற ஒண்ணும் இல்ல.

நான் மேல நின்னு குனிஞ்சேன். அவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. கத்தல, அழல. மெதுவாத்தான் கேட்டா. "கையைக் குடுக்கிறீங்களா, இல்ல யோசிச்சுச் சொல்றீங்களா?"

குடுத்தேன் சார். குடுக்காம இருப்பேனா? தூக்கிட்டேன். டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போய் முள்ளையெல்லாம் எடுத்துக் கட்டுப் போட்டோம். ரெண்டு கையிலயும் கட்டு, எப்படிச் சமைப்பா? "கை ஆறுற வரைக்கும் பிருந்தா வீட்டுல இருக்கேன்"னா. சரின்னேன். நியாயம்தானே.

இந்த ஐப்பசி வந்தா மூணு வருஷம். முள்ளு குத்தின கை ஆற மூணு வருஷமா சார்?

ஒரு நாள் நல்லா யோசிச்சுப் பாத்தேன், எதுல தப்பு நடந்துச்சுன்னு. மழைதான். அந்த வருஷம் மாதிரி மழை எந்த வருஷமும் பெய்யல. மரத்துல குத்தம் சொல்ல முடியாது. அந்தக் கோங்கு இன்னும் என் வீட்டு வாசல்லதான் அடுக்கி வெச்சிருக்கேன், தட்டினா கணீர்னு கேக்கும். முள்முருங்கை இருந்த பாதித் தோட்டம் அப்படியே இருக்கு, ஆமா. பதினாலும் மரமாயிடுச்சு, சிவப்பு சிவப்பாப் பூ. அது எல்லா இடத்துலயும் வர்ற மரம் சார், அதுக்குப் பெருமை என்ன இருக்கு? ரோஜாவுக்கு நான்தான் தண்ணி ஊத்துறேன். வீட்டுல பாட்டுச் சத்தம் கேட்டு மூணு வருஷம் ஆச்சு. ரம்பச் சத்தத்துலயே இருந்தவன் நான், சத்தமே இல்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

பிருந்தாவுக்கு அடுத்த வருஷமே பொண்ணு பொறந்துச்சு. மங்கை போன் பண்ணா. "பேத்தியைப் பாக்க வாங்க. மரமெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்க மட்டும் வாங்க." அது எப்படி சார் முடியும்? தாய்வீட்டுத் தொட்டில் இல்லாம, மரக்கடை நீலமேகம் கையை வீசிக்கிட்டுப் போறதா? தொட்டிலுக்கு மரம் தேட ஆரம்பிச்சேன். சும்மா மரமா? குழந்தை படுக்கிற மரம். கிடைக்கிறதுக்குள்ள புள்ளை தவழ ஆரம்பிச்சுட்டா. சரி, நடைவண்டியாச் செஞ்சுடலாம்னு மாத்தினேன். அதுக்கு வேற அளவு, வேற மரம். இப்ப அவ ஓடுறாளாம். அதனால என்ன, எழுதப் படிக்க ஒரு மேஜை செஞ்சுடலாம். அதுக்குத்தான் இந்தத் தேக்கு. அம்பது வருஷ மரம். சேலத்துல நாலு கடை ஏறி எறங்கி இன்னிக்குத்தான் அமைஞ்சுது. இன்னிக்கு நேரா இதோட போய் எறங்கிடலாம்னு இருக்கேன். இன்னிக்குக் கட்டாயம்.

அட, வண்டி எடுத்துட்டான். பேசிக்கிட்டே இருந்ததுல தெரியல பாருங்க.

வீடு ரோட்டு மேலதான் சார், எஸ்டேட் கேட் ஸ்டாப்பு. சுத்தி வேலி போட்டிருக்கான் அந்தப் பையன், வேற என்ன, முள்முருங்கைதான். அதோட இலையை அரிசியோட அரைச்சு அடை சுட்டு மங்கைக்குக் குடுக்கிறாங்களாம், இழுப்பே இப்ப வர்றதில்லையாம். மலைக்காத்துதான் காரணம். சேலத்துத் தூசியில இருந்து அவளை இங்க கூட்டிக்கிட்டு வந்தது யாரு? நான்தானே?

இதோ வந்துடுச்சு. அந்தச் சிவப்புப் பூ தெரியுதா? கேட் பக்கத்துல ஒரு பொம்பளை நிக்குதே, மங்கை. நல்லா நரைச்சுப் போச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்குதே ஒண்ணு, மஞ்சப் பாவாடை... சார், கொஞ்சம் முன்னால சாஞ்சுக்குங்க, ஜன்னலை மறைச்ச மாதிரி. பாத்துடப் போறா.

எறங்கலாம்தான். இருங்க, ஒரு நிமிஷம். இந்தச் சாக்கு வாயை இப்படித் தொறந்து பிடிங்க. உங்க விரலைக் குடுங்க. இங்க, ஓரத்துல, தடவிப் பாருங்க. தட்டுப்படுதா? உங்களுக்குத் தெரியாது, கடுகளவுதான். கணு. கடையில எப்படி விட்டேன்னு தெரியலையே. இதைக் கொண்டு போய் எப்படி சார் குடுக்கிறது? நாளைக்கு அவ எழுதறப்ப பேனா முள்ளு தடுக்கும். மாத்திட்டு வந்துடறேன். புள்ளை பள்ளிக்கூடம் போக இன்னும் மூணு வருஷம் இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல.

கண்டக்டர்! யாரும் இல்லீங்க, இங்க எறக்கம் இல்ல. நீங்க போங்க.